வார இறுதியில் பனிமலை: ராமநாதபுரம் கரையிலிருந்து கிளம்பும் குழு எதைத் தேர்ந்தெடுப்பது?

தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை என்று எங்கே போனாலும் இளைஞர்களிடமிருந்து இப்போது ஒரே கேள்விதான் வருகிறது. ஆறேழு நண்பர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பனியாறு (உறைந்த பனிக்கட்டி ஆறு) உள்ள மலை ஒன்றில் இடுப்பில் கயிறு கட்டி ஏற வேண்டும் என்று ஆசை. வெள்ளி இரவு கிளம்பி திங்கள் காலை வேலைக்கு வந்துவிட வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் சனி, ஞாயிறிலேயே போய் வந்துவிடுகிறார்களே, நமக்கு ஏற்ற மலை எது என்று கேட்கிறார்கள்.

இங்கிருந்து இரண்டு நாளில் முடியாது. மதுரையில் விமானம் ஏறி டெல்லி போய், அங்கிருந்து பேருந்தில் மணாலி சேரும்போதே சனிக்கிழமை முடிந்துவிடும். ஆனால் அந்த வீடியோக்களில் இருப்பவர்களும் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருப்பவருக்கு மவுண்ட் பேக்கர் சில மணி நேரக் கார் பயணம். உயரம் 3,286 மீட்டர்தான், ஆனால் மலை முழுக்கப் பனியாறு. இத்தாலியின் டூரின் நகரத்துக்காரருக்கு கிரான் பாரடிசோ (4,061 மீட்டர்) அப்படித்தான். நிலநடுக்கோட்டிலிருந்து விலகி வடக்கே போகப் போகப் பனியாறு தாழ்வான உயரத்திலேயே கிடைக்கும். ஆல்ப்ஸில் 2,500 மீட்டரிலேயே பனியாற்றைத் தொட்டுவிடலாம். நம் இமயமலையில் கங்கோத்ரி பனியாற்றின் வாய்ப்பகுதியான கோமுக்கே சுமார் 4,000 மீட்டரில்தான் இருக்கிறது. அவர்கள் ஏறி முடிக்கிற உயரத்தில்தான் நமக்குப் பனியாறு ஆரம்பிக்கிறது.

அதனால் மலையின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு அதை உங்கள் விடுப்புக்குள் திணிக்காதீர்கள். கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த நாட்களுக்குள் அடங்கும் மலையை எடுங்கள். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த வரிசையில்தான் போகிறது.

எதை வைத்து எடை போடுவது

முதல் கணக்கு, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை நாள் என்பது. நிறுவனங்கள் "7 நாள்" என்று போடுவது மணாலியிலிருந்து மணாலி வரை. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர். மதுரையிலிருந்து டெல்லிக்கு ரயில் என்றால் ஏறத்தாழ இரண்டு நாள். டெல்லியிலிருந்து மணாலிக்குப் பேருந்தில் 12 மணி நேரத்துக்கு மேல். இத்தனையும் திரும்பி வரும்போதும் உண்டு. இதற்கு மேல் மழைக்கும் மண்சரிவுக்கும் ஒரு நாளாவது சும்மா வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: எந்த உயரத்தில் தூங்கப் போகிறீர்கள்? காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் 21 சதவீதம்தான். ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. 5,500 மீட்டரில் கடற்கரையில் இருப்பதில் பாதிதான் அழுத்தம். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் தன் வேகத்தில்தான் பழகும். சுமார் 2,500 மீட்டருக்கு மேலே போன சில மணி நேரத்தில் சிலருக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை தொடங்கும். அதைக் கண்டுகொள்ளாமல் மேலே போனால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இரண்டுமே உயிரை எடுப்பவை. மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும்.

நம் கரையில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கு குளிக்கிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், மூச்சடக்கிக் கடல்பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அந்த நுரையீரலுக்கு மலை ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. உடல் வலிமை வேகமாக ஏற உதவும். மலை நோயிலிருந்து காப்பாற்றாது. சொல்லப்போனால் வலிமையானவர்தான் வேகமாக ஏறி முதலில் மாட்டிக்கொள்கிறார். கிளம்புவதற்கு முன் இங்கே பழகிக்கொள்ளவும் வழியில்லை. ஊட்டி தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அதுவும் போய்விட்டு உடனே இறங்கும் இடம்.

மூன்றாவது, கயிறு. பனியாறு என்பது மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் பனிக்கட்டி. நகரும்போது அதில் பிளவுகள் விழும். பிளவின் வாயைப் புதுப்பனி மூடி, மேலே பார்க்கச் சமதரையாக இருக்கும். அதனால்தான் நான்கைந்து பேரை ஒரே கயிற்றில் கோக்கிறார்கள். இருவருக்கு இடையே பத்து மீட்டர் போல இடைவெளி. கயிறு விறைப்பாகவும் இருக்கக் கூடாது, சுருண்டு காலில் சிக்கவும் கூடாது. லேசாகத் தொய்ந்து பனியை உரசிக்கொண்டே வர வேண்டும். முன்னால் போகிறவர் நின்றால் நீங்களும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம் என்று அவர் பக்கத்தில் போய் நின்றால் கயிறு மொத்தமும் தொய்ந்துவிடும், அப்போது அவர் உள்ளே போனால் உங்களையும் இழுத்துக்கொண்டுதான் போவார். அதிகாலை ஒன்று, இரண்டு மணிக்கே ஏறத் தொடங்குவதும் இதற்காகத்தான். வெயில் ஏறினால் பிளவை மூடியிருக்கும் பனி இளகிவிடும்.

வலை, நங்கூரம், கயிறு என்று கை பழகியவர்களுக்கு முடிச்சு சீக்கிரம் வரும், அது நமக்கு நல்லது. ஆனால் படகுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போக முடியாது. மலை ஏற்றக் கயிறு விழும் எடையை வாங்கிக்கொண்டு நீளும்படி செய்யப்பட்டது.

கயிறோடு சேர்த்துக் கேட்க வேண்டியது, குழுவுக்கு எத்தனை வழிகாட்டிகள் என்பது. எட்டுப் பேருக்கு ஒரே ஒருவர் என்றால், ஒருவருக்குத் தலைவலி முற்றியதும் எட்டுப் பேரும் இறங்க வேண்டும். இல்லையென்றால் நோயாளியை யாருடனாவது அனுப்பிவிட்டு மற்றவர்கள் ஏற வேண்டும். இரண்டாவதைச் செய்யும் குழுவோடு போகாதீர்கள்.

கடைசியாகப் பருவமும் மறைவுச் செலவும். இதில் நமக்கு ஒரு வசதி தானாகவே அமைந்திருக்கிறது. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இமயமலையில் மழைக்கு முந்தைய ஏற்றப் பருவம் மே, ஜூன். படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் வேலையை மே மாதத்துக்குள் முடித்துவிட்டால் ஜூன் முதல் பாதி கையில் இருக்கும். வேறு எந்தத் தொழிலுக்கும் இவ்வளவு பொருத்தமாக விடுமுறை அமையாது. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை, அவர்கள் தென்கடலில் காற்று கூடும் நாட்களைப் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும்.

ஒரு பார்வையில்

| வழி | வாசலிலிருந்து வாசல் வரை | தூங்கும் உயரம் | எட்டும் உயரம் | கயிறு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| ஆல்ப்ஸ் (கிரான் பாரடிசோ) | ஐரோப்பாவில் இருந்தால் 2 நாள், இங்கிருந்து 8 நாளுக்கு மேல் | சுமார் 2,700 மீ | 4,061 மீ | உண்டு | அங்கே வேலை, படிப்பில் இருப்பவர் |
| ஃபிரெண்ட்ஷிப் பீக், மணாலி | 11–13 நாள் | சுமார் 3,800 மீ அல்லது மேல் | 5,289 மீ | உண்டு | ஏற்கெனவே உயரத்தில் தூங்கிப் பார்த்தவர் |
| கோமுக், கங்கோத்ரி | 9–12 நாள் | சுமார் 3,800 மீ | சுமார் 4,000 மீ | இல்லை | முதல் முறை போகும் குழு |
| அடிப்படை மலையேற்றப் பயிற்சி | ஒரு மாதத்துக்கு மேல் | பயிற்சி முகாமைப் பொறுத்து | பயிற்சி முகாமைப் பொறுத்து | முழுமையாக | ஒன்றிரண்டு பேர் |

ஆல்ப்ஸ்: உண்மையான வார இறுதி மலை

கிரான் பாரடிசோ எப்படி இரண்டு நாளில் முடிகிறது என்று பார்த்தால் மற்ற மலைகளும் புரியும். பாண்ட் என்னும் ஊர் வரை கார் போகும், உயரம் 1,960 மீட்டர். சனிக்கிழமை மதியம் இரண்டு மூன்று மணி நேரம் நடந்து விட்டோரியோ இம்மானுவேல் விடுதி. அங்கே கட்டில், கம்பளி, சூடான சாப்பாடு. ஞாயிறு விடியும் முன்பே கிளம்பி, பனியாற்றில் கயிறு கட்டி உச்சிக்குப் போய், மதியத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். 4,000 மீட்டரைத் தொட்டாலும் அங்கே தூங்குவதில்லை. உடம்பு முரண்டு பிடிக்கத் தொடங்கும்போது கீழே வந்துவிடுகிறார்கள். ஆல்ப்ஸிலேயே பிரைட்ஹார்ன் என்று இன்னொரு சிகரம், 4,164 மீட்டர். சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊரிலிருந்து கேபிள் கார் 3,883 மீட்டர் வரை கொண்டு போய் விட்டுவிடுவதால், ஏற வேண்டியது 300 மீட்டருக்கும் குறைவு. இதைச் சுலபம் என்று சொல்லிவிடுகிறார்கள். காலையில் கடல் மட்டத்தில் இருந்தவரை மதியம் 3,883 மீட்டரில் இறக்கிவிடும் கேபிள் கார் எனக்குச் சுலபமாகத் தெரியவில்லை. செர்மாட்டில் இரண்டு இரவு தூங்கிவிட்டுப் போனால் சரி.

பாரிஸிலோ லண்டனிலோ வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சிறந்த தேர்வு. சான்றிதழ் பெற்ற வழிகாட்டியை நாள் கூலிக்கு எடுக்கலாம், பனியாற்றுக்கு ஒருவர் நான்கைந்து பேரைக் கூட்டிப் போவார். மீட்பு ஹெலிகாப்டர் வரும், ஆனால் காப்பீடு இல்லையென்றால் அதன் கட்டணம் உங்கள் தலையில். இங்கிருந்தே போகிறவர்களுக்கு விசா, விமானம், விடுதி எல்லாம் சேர்ந்து இமயமலையைவிடப் பல மடங்கு செலவு வந்துவிடும். அந்தப் பணத்துக்கு இது தகாது என்பது என் கருத்து.

ஆல்ப்ஸ் தாழ்வானது என்பதால் ஆபத்து குறைவு என்றும் நினைக்கக் கூடாது. 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மர்மோலாடா மலையில் வெப்பத்தால் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து விழுந்து 11 பேர் இறந்தார்கள். வெப்பம் கூடிய கோடையில் வழிகாட்டி "இன்று வேண்டாம்" என்றால், போட்ட பணம் போனாலும் அதைக் கேட்க வேண்டும்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. துபாயில் உள்ள கீழக்கரைக்காரர்கள் ஜார்ஜியாவின் கஸ்பெக் மலையைக் கேட்கிறார்கள். அதன் தலைநகர் திபிலிசி மூன்றரை மணி நேர விமானம்தான், மலை 5,000 மீட்டரைத் தாண்டும். அடிவார ஊரான ஸ்டெபான்ட்ஸ்மிண்டா 1,740 மீட்டரில், மேலே பெத்லெமி விடுதி சுமார் 3,650 மீட்டரில். நடுவில் ஓர் இரவு, விடுதியில் இரண்டு இரவு என்று குறைந்தது ஐந்தாறு நாள் வேண்டும். ஏறும் பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பெருநாள் விடுமுறையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பெருநாட்கள் ஆண்டுக்கு 11 நாள் போல முன்னே நகர்வதால், இனி வரும் சில ஆண்டுகளுக்கு நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் இரண்டுமே இந்தப் பருவத்துக்கு வெளியேதான் விழும். ஆண்டு விடுப்பில்தான் எடுக்க வேண்டும்.

ஃபிரெண்ட்ஷிப் பீக்: எல்லாரும் கேட்கும் மலை

மணாலிக்கு மேலே சோலாங் பள்ளத்தாக்கில், பீர் பஞ்சால் தொடரில் இருக்கிறது. கயிறு, கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டம்), பனிக்கோடரி மூன்றையும் புதியவர்கள் தொட்டுப் பார்க்கக்கூடிய மலை என்பதால் நிறுவனங்கள் இதைத்தான் அதிகம் விற்கின்றன. மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து பகர்தாச் முகாம் சுமார் 3,300. அதற்கு மேலே லேடி லெக் சுமார் 3,800. சிலர் அங்கிருந்தே உச்சிக்குப் போகிறார்கள், சிலர் இன்னொரு முகாம் போடுகிறார்கள். லேடி லெக்கிலிருந்து நேராக என்றால் உச்சி நாளில் மட்டும் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏறி இறங்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காலில் நிற்கும் வேலை.

முதல் முறையாகப் பனியைப் பார்க்கும் ஒருவருக்கு அந்த நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நள்ளிரவுக்குப் பிறகு கூடாரத்துக்குள் தலைவிளக்கு வெளிச்சத்தில் கிராம்பான் மாட்ட வேண்டும். கையுறையோடு பட்டையைக் கோக்க வராது. கழற்றிவிட்டு வெறும் விரலால் இரும்பைத் தொட்டால், படகுக்கு ஐஸ் பார் தூக்கும்போது கையில் ஒட்டுமே, அப்படி ஒட்டும். அங்கே சுற்றிப் பிடிக்கச் சாக்குப்பை கிடையாது, உடனே கையை உள்ளே விட்டுச் சூடாக்க வேண்டும். இதையெல்லாம் முந்தின நாளே வெளிச்சத்தில் பத்து முறை மாட்டிக் கழற்றிப் பழகியிருக்க வேண்டும். அதற்கான ஒரு முழுப் பயிற்சி நாள் நிறுவனத்தின் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சி நாளும் காத்திருப்பு நாளும் இல்லாமல் "6 நாள்" என்று வரும் அட்டவணையைத் தள்ளிவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

மறைவுச் செலவு இங்கேதான் அதிகம். பனி பூட்ஸ், கிராம்பான், இறகு உடுப்பு வாடகை தனியாக இருக்கும். சுமை தூக்குபவருக்குத் தனிக் கட்டணம், இறங்கி வந்ததும் அன்பளிப்பு. சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் கயிறு கட்டி ஏறுவதை விலக்கி வைத்திருக்கும். எத்தனை மீட்டர் வரை, மீட்புச் செலவும் உண்டா என்று பத்திரத்திலேயே படித்துப் பார்க்க வேண்டும். காத்திருப்பு நாளைப் பயன்படுத்தினால் விமான டிக்கெட் மாறும், அந்தப் பணமும் கணக்கில் வர வேண்டும்.

பூட்ஸ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து செருப்போடும் வெறுங்காலோடும் மணலில் நடந்த கால் முன்பக்கம் அகன்றிருக்கும். வாடகைக் கடையில் எண் பார்த்துக் கொடுக்கும் பூட்ஸ் விரல்களை நெரிக்கும். நெரித்தால் ரத்த ஓட்டம் குறையும், குளிரில் விரல் மரத்துப் போவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஓர் எண் பெரியதாகக் கேளுங்கள், தடித்த காலுறை போட்டுக்கொண்டு விரலை அசைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கண்ணாடியும் அப்படித்தான். கடல் வெளிச்சம் பழகிய கண் என்று விட்டுவிடக் கூடாது. கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும் அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. புதுப்பனி 80 சதவீதம் வரை அனுப்பும். பக்கவாட்டும் மூடிய பனிக் கண்ணாடி ஆளுக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று கூடுதலாக.

அப்புறம் மொழி. வழிகாட்டிகள் பேசுவது இந்தி. கீழே இருக்கும்போது சைகையில் சமாளித்துவிடலாம், கயிற்றில் இருக்கும்போது முடியாது. "ருகோ" என்றால் நில். "ரஸ்ஸி டீலா" என்றால் கயிறைத் தளர்த்து. "பத்தர்" என்று கத்தினால் மேலிருந்து கல் வருகிறது. மேலே பார்க்காமல் தலையைக் குனிந்து சரிவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த நாலைந்து சொற்களைக் குழு முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போகட்டும்.

லடாக்கில் இதைவிடப் பெரிய பெயர்கள் உண்டு. ஸ்டோக் காங்ரி 2020-இல் மூடப்பட்டது. காங் யாட்சே-2 திறந்திருந்தாலும் 6,250 மீட்டர். லே விமான நிலையமே சுமார் 3,300 மீட்டரில் இருக்கிறது, இறங்கியதும் இரண்டு நாள் படுத்து ஓய்வெடுக்க வேண்டிய ஊர். முதல் மலையாக வேண்டாம்.

கோமுக்: முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது

இதில் உச்சி கிடையாது, கயிறும் கிடையாது. அதனாலேயே இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாறு முடிகிற இடத்தில், பனிக்கட்டிச் சுவருக்கு அடியிலிருந்து பாகீரதி பீறிட்டு வருவதை நேரில் பார்க்கலாம். பனிக்கட்டி உடைந்து விழும் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம், உங்கள் குழுவில் யாருடைய உடம்பு உயரத்தை எப்படி ஏற்கிறது என்பது தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. ரத்தப் பரிசோதனை சொல்லாது, ஓட்டப் பந்தயம் சொல்லாது. கயிற்றில் கட்டிய பிறகு 5,000 மீட்டரில் தெரிந்துகொள்வதைவிட, நடந்தே இறங்கிவிடக்கூடிய 3,800 மீட்டரில் தெரிந்துகொள்வது நல்லது.

ரிஷிகேஷிலிருந்து கங்கோத்ரி சுமார் 250 கிலோமீட்டர், மலைச்சாலையில் ஒரு முழு நாள். ஒரே நாளில் போகாமல் உத்தரகாசியில் ஓர் இரவு தங்குங்கள். கங்கோத்ரி சுமார் 3,100 மீட்டர், அடுத்த முகாம் போஜ்பாசா சுமார் 3,800. ஒரே நாளில் 700 மீட்டர் ஏற்றம் என்பதால் கங்கோத்ரியில் இரண்டு இரவு கட்டாயம். இந்த ஓய்வு நாளைத்தான் எல்லாரும் வெட்டுகிறார்கள். கங்கோத்ரியிலிருந்து போஜ்பாசா 14 கிலோமீட்டர், அங்கிருந்து கோமுக் 4 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி, முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். கோமுக்கைத் தாண்டித் தபோவனம் (சுமார் 4,460 மீட்டர்) போவதென்றால் பனியாற்றின் மேலேயே நடக்க வேண்டியிருக்கும். வழிகாட்டி இல்லாமல் அந்தப் பக்கம் காலை வைக்கக் கூடாது.

வீட்டில் அனுமதி வாங்குவதும் இதற்குச் சுலபம். கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்யும் வழக்கம் உள்ள ஊர் நம்முடையது. கங்கோத்ரி என்றால் பெரியவர்கள் தடுப்பதில்லை, ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வா என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

இதன் மறைவுச் செலவு சாலைதான். 2025 ஆகஸ்ட் 5 அன்று இதே சாலையில் உள்ள தராலி கிராமத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். மே கடைசி, ஜூன் முதல் இரண்டு வாரம், அல்லது மழை விட்டபின் செப்டம்பர் கடைசி. எப்போது போனாலும் கையில் இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள்.

அடிப்படைப் பயிற்சி: குழுவாகப் போக முடியாது, ஆனாலும்

உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் (1965), டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் (1954), மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான நிறுவனம் ஆகியவற்றில் 26 அல்லது 28 நாள் பயிற்சி இருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, கருவிகள் எல்லாம் சேர்த்து இந்தியர்களுக்குச் சலுகைக் கட்டணம். தனியார் நிறுவனம் ஒரு வாரத்துக்கு வாங்குவதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே வரும். விழும்போது கோடரியால் தன்னை நிறுத்துவது, பிளவில் விழுந்தவரைக் கப்பி கட்டி இழுப்பது எல்லாம் கை மறக்காத அளவுக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்ல தரம் வாங்கினால்தான் அடுத்த உயர்நிலைப் பயிற்சிக்கு இடம்.

இங்கே நண்பர் குழு என்று ஒன்று கிடையாது. யார் யாரோடு கயிற்றில் என்பதை ஆசிரியர் முடிவு செய்வார். ஒரு மாத வருமானம் போகும், மாதக்கணக்கில் முன்பதிவு வேண்டும், வயது வரம்பும் மருத்துவச் சான்றிதழும் உண்டு. பயிற்சி நிறுவனம் என்பதால் மலை இரக்கம் காட்டிவிடாது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி நிறுவனத்தின் குழு திரௌபதி கா டண்டா மலையில் பனிச்சரிவில் சிக்கி 27 உடல்கள் மீட்கப்பட்டன. அதே ஆண்டு எவரெஸ்ட் ஏறிவந்த பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர்.

ஆனாலும் எட்டுப் பேர் குழுவில் இரண்டு பேராவது இதை முடித்துவிட்டால் மொத்தக் குழுவின் நிலையே மாறிவிடும். வழிகாட்டி தப்பு செய்தால் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் உங்களிடமே இருப்பார்கள். கல்லூரி முடித்து வேலைக்காகக் காத்திருக்கும் பையனோ பெண்ணோ குழுவில் இருந்தால், எல்லாரும் பணம் போட்டு அவரை அனுப்புங்கள். குழுப் பணத்தை இதைவிட நல்ல வழியில் செலவழிக்க முடியாது.

என் பரிந்துரை, கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியது

இங்கிருந்து போகும் புதிய குழுவுக்கு, முதல் ஆண்டு ஜூனில் கோமுக். அதில் நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு வந்தவர்கள் அடுத்த ஆண்டு ஜூனில் ஃபிரெண்ட்ஷிப் பீக். நடுவில் ஒருவரோ இருவரோ பயிற்சிக்கு. ஏற்கெனவே 3,500 மீட்டருக்கு மேலே இரண்டு மூன்று இரவு தங்கிச் சிரமம் இல்லாமல் வந்தவர்கள் என்றால் நேராக ஃபிரெண்ட்ஷிப் போகலாம்.

நம் மாவட்டம் தட்டையானது, ஏறிப் பழக இடம் இல்லை. தனுஷ்கோடி மணலில் முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோவோடு அதிகாலையில் நடங்கள். மாதம் ஒரு முறை சதுரகிரி, அல்லது கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் பெயர் கொடுக்கக் கூடாது. மலை நோய்க்கான மாத்திரையையும் அவரிடம் கேட்டே வாங்குங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சாயல்குடிக் கருப்பட்டியைச் சின்னத் துண்டுகளாக உடைத்துக் கொண்டு போங்கள், பசியே எடுக்காத உயரத்திலும் அது வாயில் கரையும்.

மேலே இருக்கும் நாட்களில் குழுவில் ஒருவர் தினமும் காலை எல்லாரையும் கேட்க வேண்டும்: தலை வலிக்கிறதா, தூங்கினாயா, சாப்பிட முடிகிறதா? கூட்டம் கெட்டுவிடுமே என்று தலைவலியை மறைப்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. சந்தேகம் வந்தால் குதிகாலை அடுத்த காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அது மூளை சம்பந்தப்பட்டது. விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே கீழே இறக்க வேண்டும்.

நிறுவனத்துக்கு முன்பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளை வாட்ஸ்அப்பில் எழுதியே கேளுங்கள். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, அவர் எங்கே பயிற்சி முடித்தவர்? ஒருவர் இறங்க வேண்டி வந்தால் கூட யார் போவார்? எந்த மணிக்கு, எங்கே இருந்தாலும் திரும்புவீர்கள்? காத்திருப்பு நாளின் செலவு யாருடையது? மூன்றாவது கேள்விக்கு "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று பதில் வந்தால் அடுத்த நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ஜூன் முதல் வாரத்துக்கு இடம் வேண்டுமென்றால் பொங்கல் முடிந்ததுமே கேட்கத் தொடங்குவது நல்லது.